சங்கத்தை விட்டுப் போக 57 கோடி டாலர்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வழக்குகள், ஓர் எளிய அறிமுகம்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் இருப்பது கலிஃபோர்னியாவில். கொஞ்ச தூரம் மேற்கே போனால் பசிபிக் கடல். ஆனால் 2024 முதல் அதன் அணிகள் ஆடுவது அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில், அதாவது நாட்டின் எதிர்ப்பக்கத்துக் கடலின் பெயரை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு சங்கத்தில். அமெரிக்காவுக்குப் படிக்கப் போன என் அண்ணன் மகன் முதல் வருடமே தொலைபேசியில் கேட்டான்: "சித்தப்பா, ஒரு வாலிபால் மேட்ச் ஆட இவங்க எதுக்கு நாலாயிரம் கிலோமீட்டர் பறக்குறாங்க?" நல்ல கேள்வி. பதில் விளையாட்டு மைதானத்தில் இல்லை, கோர்ட் கட்டடங்களில் இருக்கிறது. அவனுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே கோர்வையாக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சொல். கான்ஃபரன்ஸ் என்றதும் மாநாடு என்று நினைத்துவிட வேண்டாம். இது பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் சேர்ந்து அமைத்துக்கொண்ட சங்கம். யார் யாரோடு எந்தத் தேதியில் ஆடுவது, நடுவர்களை யார் அனுப்புவது, சாம்பியன் யார் என்று எப்படி முடிவு செய்வது, எல்லாம் இந்தச் சங்கத்தின் வேலை. நாடு முழுவதற்குமான பொது அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதற்குக் கீழே இப்படிப் பல சங்கங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கமிஷனர், விதிமுறைப் புத்தகம், உறுப்பினர் பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் உட்காரும் ஒரு குழு. அவ்வளவுதான். சங்கத்துக்கென்று தனியாக அணியோ மாணவர்களோ கிடையாது.

தொடக்கத்தில் எல்லாம் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களின் ஏற்பாடுதான். ஏ.சி.சி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் 1953 மே மாதம் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ அருகே ஒரு விடுதியில் பிறந்தது. சதர்ன் கான்ஃபரன்ஸ் என்ற பழைய சங்கத்திலிருந்து ஏழு கல்லூரிகள் பிரிந்து வந்து அதைத் தொடங்கின. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று வெளியேறுகிறவர்கள்மேல் வழக்குப் போடும் சங்கம், பிறந்ததே ஒரு வெளியேற்றத்தில்தான். அன்று அப்படிப் போனதற்கு யாரும் கோடிக்கணக்கில் கேட்கவில்லை. கேட்பதற்கு அப்போது பணமும் இல்லை.

பணம் வந்த கதை 1984இல் தொடங்குகிறது. அதுவரை கல்லூரி ஃபுட்பால் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்டும் உரிமை என்.சி.ஏ.ஏ. கையில் இருந்தது. எந்த அணியின் ஆட்டம் எத்தனை முறை டி.வி.யில் வரலாம் என்று அதுதான் தீர்மானிக்கும். ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டன. ஒரு சந்தையில் எல்லாரையும் கட்டுப்படுத்தி விலையை நிர்ணயிப்பது போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்று தீர்ப்புச் சொன்னது. மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பைரன் வைட். அவரே இளம் வயதில் பெயர்பெற்ற ஃபுட்பால் ஆட்டக்காரர். பணம் உள்ளே வந்தால் கல்வியின் பகுதியாக இருக்கும் விளையாட்டு மாறிப்போகும் என்பது அவர் கவலை. நாற்பது ஆண்டுக்குப் பிறகு திரும்பிப் பார்க்கும்போது, சட்டம் பெரும்பான்மை நீதிபதிகளின் பக்கம் இருந்தது, வரப்போவதைக் கண்டது அவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்தத் தீர்ப்புக்கு அப்புறம் ஆட்டங்களை விற்கும் வேலை மெல்ல மெல்லச் சங்கங்களின் கைக்கு வந்தது. இங்கே சொல்வது காலால் உதைக்கும் கால்பந்தை அல்ல, தலைக்கவசம் போட்டு ஆடும் அமெரிக்கன் ஃபுட்பாலை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கைகள். சனிக்கிழமை தோறும் இப்படி நாடு முழுக்க. அந்தக் கூட்டத்தைப் போல் பல மடங்கு பேர் டி.வி. முன்னால். அதை விற்றால் வரும் தொகை உறுப்பினர்களுக்குப் பங்கு பிரிக்கப்படும். 2022-23இல் ஏ.சி.சி. உறுப்பினர் ஒருவருக்குச் சராசரியாகக் கிடைத்தது சுமார் 4.5 கோடி டாலர். எஸ்.இ.சி. என்ற தென்பகுதிச் சங்கத்தில் 5.1 கோடி. பிக் டென் சங்கத்தில் 6 கோடி. புது டி.வி. ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வரும்போது இந்த இடைவெளி இன்னும் விரியும் என்று அப்போதே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பக்கத்துத் தெருச் சங்கத்தில் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி டாலர் கூடுதலாகக் கிடைக்கிறது என்றால் யாருக்கும் மனம் அலைபாயும். அலைபாயும் மனத்தைக் கட்டிப்போடச் சங்கங்கள் மூன்று கயிறுகளைத் திரித்தன.

முதல் கயிறு நோட்டீஸ். போவதென்றால் இத்தனை மாதத்துக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். பிக் ஈஸ்ட் என்ற சங்கத்தில் அது 27 மாதம். 2011இல் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகம் அவ்வளவு நாள் காத்திருக்க மனமில்லாமல் தன் ஊர்க் கோர்ட்டில் வழக்குப் போட்டது. சங்கம் ரோட் ஐலண்டில் எதிர்வழக்குப் போட்டது. கடைசியில் 2 கோடி டாலரில் சமாதானம் ஆகி, அடுத்த ஆண்டே வேறு சங்கத்தில் ஆடப் போய்விட்டது. நோட்டீஸ் காலம் என்பது பணம் கொடுத்தால் சுருங்கக்கூடியது என்று அன்றைக்கே எல்லாருக்கும் புரிந்தது.

இரண்டாவது வெளியேறும் கட்டணம். இதில்தான் சட்டத்தின் சுவையான கேள்வி ஒன்று வருகிறது. வாடகை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்தால் அட்வான்ஸில் ஒரு மாத வாடகையை வீட்டுக்காரர் பிடித்துக்கொள்வார். நியாயம்தான், அடுத்த ஆள் வரும் வரை அவருக்கு அது நஷ்டம். அதே வீட்டுக்காரர் மூன்று வருட வாடகையைக் கேட்டால்? அது நஷ்டத்துக்கு ஈடு இல்லை, தண்டனை. ஒப்பந்தத்தை முறித்தவரிடம் நியாயமாகக் கணக்கிட்ட நஷ்ட ஈட்டை வாங்கலாம், பயமுறுத்துவதற்காக எழுதிய அபராதத்தைக் கோர்ட் அமல்படுத்தாது என்பது அமெரிக்க ஒப்பந்தச் சட்டத்தில் பழைய கொள்கை. வெளியேறும் கட்டண வழக்குகள் அத்தனையும் இந்தக் கோட்டின் எந்தப் பக்கம் அந்தத் தொகை விழுகிறது என்பதைப் பற்றியவைதான்.

மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் கதை இதற்குச் சரியான உதாரணம். ஏ.சி.சி.யைத் தொடங்கிய ஏழு பேரில் அதுவும் ஒன்று. 2012இல் அதன் விளையாட்டுத் துறை கடனில் தவித்து, ஏழு அணிகளையே மூடியது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஏ.சி.சி. தன் வெளியேறும் கட்டணத்தைச் சங்கத்தின் ஆண்டுச் செலவுத் திட்டத்தைப் போல் மூன்று மடங்காக உயர்த்தியது. கணக்குப் போட்டால் 5.22 கோடி டாலர். மேரிலாண்டும் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகமும் எதிர்த்து வாக்களித்தன. இரண்டே மாதத்தில் மேரிலாண்ட் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தது. ஏ.சி.சி. உடனே வட கரோலினாவில் வழக்குப் போட்டது. அதோடு நிற்கவில்லை, மேரிலாண்டுக்குச் சேர வேண்டிய பங்குத் தொகையையும் நிறுத்தி வைத்தது. மேரிலாண்ட் 15.7 கோடி கேட்டு எதிர்வழக்குப் போட்டது. 2014 ஆகஸ்டில் சமாதானம். நிறுத்தி வைத்த சுமார் 3.14 கோடியைச் சங்கமே வைத்துக்கொண்டது, புதிதாக எதுவும் கட்ட வேண்டாம் என்று முடிந்தது. மூன்று மடங்கு என்பது நஷ்ட ஈடா அபராதமா என்ற கேள்விக்குத் தீர்ப்பு வரவே இல்லை.

மேரிலாண்ட் போன விதம் ஏ.சி.சி.யைக் கலங்கடித்தது. கட்டணம் மட்டும் போதாது என்று புரிந்து, 2013 ஏப்ரலில் மூன்றாவது கயிற்றைக் கட்டினார்கள். அதற்குப் பெயர் கிராண்ட் ஆஃப் ரைட்ஸ். உரிமை ஒப்படைப்பு என்று சொல்லலாம். மற்ற சில பெரிய சங்கங்களும் இதே போல் எழுதி வாங்கியிருந்தன. இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

உங்கள் ஊரில் பதினைந்து பேர் மாந்தோப்பு வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாக வியாபாரியிடம் போனால் விலை படியாது. அதனால் சங்கம் வைத்து, "எங்கள் தோப்பு மகசூல் முழுவதும் 2036 வரை சங்கத்துக்கு" என்று ஒவ்வொருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். சங்கம் மொத்தமாக ஒரே வியாபாரியிடம் விலை பேசுகிறது. கொஞ்ச வருடம் போகிறது. பக்கத்து ஊர்ச் சங்கம் கூடுதல் விலைக்கு விற்கிறது என்று கேள்விப்படுகிறீர்கள். இங்கிருந்து விலகலாமா? தாராளமாக விலகலாம், யாரும் தடுக்கவில்லை. தோப்பும் உங்களுடையதுதான். ஆனால் 2036 வரை காய்க்கிற காய் உங்களுடையது இல்லை. காய் இல்லாத தோப்புக்காரரைப் பக்கத்து ஊர்ச் சங்கம் எதற்குச் சேர்த்துக்கொள்ளும்?

காய் என்று நான் சொல்வது, அந்தப் பல்கலைக்கழகம் தன் சொந்த மைதானத்தில் ஆடும் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமை. முதலில் 2027 வரை என்று எழுதிக்கொடுத்தார்கள். 2016இல் இ.எஸ்.பி.என். என்ற விளையாட்டு ஒளிபரப்பு நிறுவனம் ஏ.சி.சி.க்கென்றே தனிச் சேனல் தொடங்க ஒப்புக்கொண்டபோது அதை 2036 வரை நீட்டிக் கொடுத்தார்கள். எல்லாப் பல்கலைக்கழகத் தலைவர்களும் கையெழுத்திட்டார்கள். இருபது வருடத்து மகசூல், ஒரே கையெழுத்தில்.

இப்போது ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு வருவோம். 2023இல் அந்த அணி ஆடிய 13 ஆட்டங்களிலும் வென்று ஏ.சி.சி. சாம்பியன் ஆனது. தேசிய சாம்பியன் போட்டிக்கு அப்போது நாலே இடம். டிசம்பர் 3ஆம் தேதி தேர்வுக் குழு மிச்சிகன், வாஷிங்டன், டெக்ஸஸ், அலபாமா என்று நாலு பேரை அறிவித்தது. ஃப்ளோரிடா ஸ்டேட் இல்லை. முதன்மை ஆட்டக்காரர் ஜோர்டன் டிராவிஸ் நவம்பரில் கால் முறிந்து வெளியே போனதால் அணி பழைய பலத்தில் இல்லை என்பது குழு சொன்ன காரணம். ஒரு ஆட்டமும் தோற்காத பெரிய சங்கத்துச் சாம்பியன் இப்படி விடுபட்டது அதுதான் முதல் தடவை. ஒரு பருவம் முழுக்க வென்ற பிள்ளைகள் அந்த அறிவிப்பை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. "இந்தச் சங்கத்தில் இருக்கும் வரை நமக்கு மதிப்பும் இல்லை, பணமும் இல்லை" என்ற முனகல் ஃப்ளோரிடாவில் ஏற்கெனவே இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே பல்கலைக்கழகத் தலைவர், வருமானப் பங்கீடு அடியோடு மாறாவிட்டால் வெளியேறுவதைத் தீவிரமாக யோசிக்க வேண்டியிருக்கும் என்று அறங்காவலர் கூட்டத்தில் சொல்லியிருந்தார். டிசம்பரில் முனகல் வெடித்தது.

டிசம்பர் 22 காலை அறங்காவலர் குழு அவசரமாகக் கூடி, ஏ.சி.சி.மேல் வழக்குப் போட ஒருமனதாக முடிவெடுத்தது. அன்றே டலஹாஸி நகர் இருக்கும் லியோன் கவுண்டி (மாவட்டம் மாதிரி) கோர்ட்டில் மனு தாக்கலானது. ஆனால் அவர்களுக்கு முன்பே, 21ஆம் தேதியே, ஏ.சி.சி. வட கரோலினாவின் மெக்லன்பர்க் கவுண்டியில் ஃப்ளோரிடா ஸ்டேட்மேல் வழக்குப் போட்டு முடித்திருந்தது. வழக்கு வரப்போகிறது என்று காற்றில் கேட்டு, ஒரு நாள் முந்திக்கொண்டது.

ஒரு நாள் முந்துவதில் என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிக் கோர்ட், தனிச் சட்டம். ஃப்ளோரிடா ஸ்டேட் அந்த மாநில அரசின் பல்கலைக்கழகம். அந்த ஊர் நீதிபதி முன்னால் அதற்கு வசதி. ஏ.சி.சி.யின் தலைமையகம் வட கரோலினாவின் ஷார்லட் நகரில். அதற்கு அந்த ஊர் வசதி. எந்த ஊரில் முதலில் வழக்குப் பதிவாகிறதோ அந்த ஊர் கோர்ட்டுக்குத்தான் முன்னுரிமை என்று வாதாட இடம் கிடைக்கும்.

இதற்குமேல் இன்னொரு சிக்கல். ஒரு மாநில அரசை அதன் சம்மதம் இல்லாமல் வேறு மாநிலத்துக் கோர்ட்டுக்குத் தனியார் இழுக்க முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அரசுப் பல்கலைக்கழகமும் அரசின் கைதான், அதனால் வட கரோலினா கோர்ட்டுக்கு எங்கள்மேல் அதிகாரம் இல்லை என்றது ஃப்ளோரிடா ஸ்டேட். வட கரோலினா நீதிபதி லூயிஸ் பிளெட்சோ 2024 ஏப்ரலில் அதை ஏற்கவில்லை. வட கரோலினா சட்டப்படி நடக்கும் ஒரு சங்கத்தில் விரும்பிச் சேர்ந்து, அதன் காரியங்களில் கலந்துகொண்ட பிறகு அந்தக் காப்பைச் சொல்லித் தப்பிக்க முடியாது என்பது அவர் சொன்னதன் சாரம். மேரிலாண்டும் பத்தாண்டுக்கு முன் இதே வாதத்தை வைத்து இதே மாநிலத்தில் தோற்றிருந்தது.

ஃப்ளோரிடா ஸ்டேட் தன் மனுவில் ஒரு கணக்கை வைத்தது. வெளியேறும் கட்டணம் 13 கோடி. 2036 வரை இழக்கும் ஒளிபரப்பு வருமானம் 42.9 கோடி. வேறு வகையில் 1.3 கோடி. மொத்தம் 57.2 கோடி டாலர். ஒரு சங்கத்தை விட்டுப் போக ஒரு பல்கலைக்கழகம் இவ்வளவு கட்ட வேண்டும் என்றால் அது தண்டனை இல்லாமல் வேறு என்ன என்பது அவர்களுடைய கேள்வி. ஏ.சி.சி.யின் பதிலும் லேசானது இல்லை. நீங்கள் 2013இல் கையெழுத்துப் போட்டீர்கள், 2016இல் மறுபடி போட்டீர்கள், பத்து வருடம் பங்கு வாங்கினீர்கள், இப்போது வேறிடத்தில் விலை ஏறியதும் அந்தக் காகிதம் செல்லாது என்கிறீர்களே? இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால்தான் இந்த வழக்கு என்னை இவ்வளவு ஈர்த்தது.

விவரம் தோண்டத் தோண்ட ஒன்று வெளியே வந்தது. இ.எஸ்.பி.என். ஒப்பந்தம் உண்மையில் 2027 வரைதான். அதன்பிறகு 2036 வரை நீட்டிப்பதா வேண்டாமா என்பது இ.எஸ்.பி.என். விருப்பம் என்று ஃப்ளோரிடா ஸ்டேட் கோர்ட்டில் சொன்னது. மாந்தோப்புக் கணக்கில் சொன்னால், நீங்கள் 2036 வரை கையைக் கட்டிக்கொண்டீர்கள், வியாபாரி 2027இலேயே எழுந்து போகலாம். அந்த ஒப்பந்தத்தின் நகல்கூட அப்போது உறுப்பினர்கள் கையில் இல்லை. பார்க்க வேண்டுமென்றால் ஷார்லட்டில் உள்ள சங்க அலுவலகத்துக்குப் போய்ப் படித்துவிட்டு வர வேண்டியிருந்தது. அரசுப் பல்கலைக்கழகத்தின் இருபது வருட வருமானத்தைக் கட்டுப்படுத்தும் காகிதத்தை அந்தப் பல்கலைக்கழகமே வீட்டில் வைத்துப் படிக்க முடியாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஃப்ளோரிடா மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலே அந்த ஆவணங்களைக் கேட்டுத் தனி வழக்குப் போட்டார்.

2024 மார்ச்சில் தென் கரோலினாவின் க்ளெம்சன் பல்கலைக்கழகமும் பிக்கன்ஸ் கவுண்டி கோர்ட்டுக்குப் போனது. மறுநாளே ஏ.சி.சி. மெக்லன்பர்க்கில் க்ளெம்சன்மேல் வழக்குப் போட்டது. இதில் க்ளெம்சன் வாதம் கூர்மையானது. வெறும் தொகையைப் பற்றிப் பேசாமல், அந்த உரிமை ஒப்படைப்பின் வாசகத்தையே கையில் எடுத்தது. இ.எஸ்.பி.என். ஒப்பந்தத்தை நிறைவேற்றத் தேவையான அளவுக்குத்தான் உரிமையைக் கொடுத்தோம், அந்த ஒப்பந்தம் உறுப்பினர்களின் ஆட்டங்களைப் பற்றியது, உறுப்பினராக இல்லாமல் போன பிறகு நாங்கள் ஆடும் ஆட்டம் எப்படி அதில் வரும் என்று கேட்டது. அதே காகிதத்தில், காலம் முழுவதும் உறுப்பினராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த ஒப்படைப்பு செல்லும் என்று வரி இருக்கிறதே என்றது ஏ.சி.சி. இரண்டு வரியும் ஒரே பத்திரத்தில்தான் இருக்கின்றன. எந்த வரி எதை ஆளும் என்று ஒரு நீதிபதி சொல்லியிருந்தால், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் வரைபடமே ஒரே நாளில் மாறியிருக்கும்.

அந்த நாள் வரவில்லை. 2025 ஜனவரியில் இ.எஸ்.பி.என். ஒப்பந்தத்தை 2036 வரை நீட்டித்தது. மார்ச் 4ஆம் தேதி எல்லாரும் சமாதானம் ஆனார்கள். டி.வி. வருமானத்தில் 40 சதவீதத்தை எல்லாருக்கும் சமமாகப் பிரிப்பது, 60 சதவீதத்தை யாருடைய ஆட்டத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை வைத்துப் பிரிப்பது என்று முடிவானது. அதிகம் பேர் பார்க்கும் க்ளெம்சனுக்கும் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கும் இதில் கூடுதல் பங்கு. வெளியேறும் விலையும் எல்லாருக்கும் தெரியும்படி எண்ணாக எழுதப்பட்டது: 2025-26இல் 16.5 கோடி டாலர், ஒவ்வொரு ஆண்டும் 1.8 கோடி குறைந்து 2030-31இல் 7.5 கோடி. அதைக் கட்டினால் உங்கள் ஆட்டங்களின் உரிமையை நீங்களே எடுத்துக்கொண்டு போகலாம். தோப்போடு காயும் உங்களுக்கே. கயிறு இன்னும் இருக்கிறது, ஆனால் அறுக்க என்ன விலை என்று இப்போது தெரியும்.

ஏன் இரு பக்கமும் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை? ஏ.சி.சி. தோற்றால் அந்தப் பத்திரத்துக்கு மதிப்பே போய், மற்ற உறுப்பினர்களும் அடுத்த நாளே கிளம்பிவிடுவார்கள். பல்கலைக்கழகங்கள் தோற்றால் 2036 வரை அசைய முடியாது. இதைவிடக் கணக்குத் தெரிந்த விலைக்கு ஒத்துப்போவது மேல் என்று இருவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். டெக்ஸஸும் ஓக்லஹோமாவும் பிக் 12 என்ற சங்கத்தை விட்டு எஸ்.இ.சி.க்குப் போனபோதும் இப்படித்தான், ஒரு வருடம் முன்னதாகக் கிளம்ப இருவரும் சேர்ந்து 10 கோடி டாலரை விட்டுக்கொடுத்து 2024இல் போனார்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் சங்கத்துக்கும் போகிறவருக்கும் நடந்த சண்டை. போகிறவர்கள் அதிகமாகி, இருக்கிறவர்கள் இரண்டே பேர் என்றால் சங்கம் யாருடையது? இந்தக் கேள்வியும் கோர்ட்டுக்கு வந்தது.

1915இல் தொடங்கிய மேற்குக் கரைச் சங்கத்தின் பிந்தைய பெயர் பேக்-12. 2022 ஜூன் 30ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள், யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும், பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. மறு ஆண்டு கோடையில் கொலராடோ, ஆரிகன், வாஷிங்டன், யூட்டா, அரிசோனாவின் இரண்டு பல்கலைக்கழகங்கள் என்று வரிசையாகக் கிளம்பினார்கள். செப்டம்பர் 1ஆம் தேதி ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் போக இடம் தேடி, முழுப் பங்கு வேண்டாம் என்று ஒப்புக்கொண்டு ஏ.சி.சி.யில் சேர்ந்தன. என் அண்ணன் மகனின் கேள்விக்கு நேரடிப் பதில் இதுதான். பக்கத்தில் ஆட ஆள் இல்லாமல் போனதால் அந்த வாலிபால் அணி நாட்டைக் குறுக்கே கடந்து பறக்கிறது.

பன்னிரண்டில் பத்துப் பேர் போனார்கள். ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்ற இரண்டு மட்டும் மிச்சம். யாரும் அழைக்கவில்லை. ஆனால் சங்கத்தின் கஜானா காலி இல்லை, பழைய வெற்றிகளின் பங்குத் தொகை, வரவேண்டிய போட்டி வருமானம் எல்லாம் அதில் இருந்தன. செப்டம்பர் 13ஆம் தேதி குழுக் கூட்டம் என்று கமிஷனர் அழைப்பு அனுப்பினார். பத்துப் பேரும் வந்து வாக்களித்தால் சங்கத்தைக் கலைத்துவிட்டு, இருப்பதைப் பிரித்துக்கொண்டு போகலாம். இரண்டு பேரின் வாக்கு எந்த மூலைக்கு?

அந்த இருவரும் 8ஆம் தேதியே வாஷிங்டன் மாநிலத்தின் விட்மன் கவுண்டி கோர்ட்டுக்குப் போனார்கள். கோல்ஃபேக்ஸ் என்ற சிறிய ஊர். வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மனும் அதே கவுண்டிதான். கையில் இருந்த ஆயுதம் சங்கத்தின் விதிமுறைப் புத்தகத்தில் ஒரே ஒரு பிரிவு: 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதிக்கு முன் வெளியேற நோட்டீஸ் கொடுக்கும் உறுப்பினரின் பிரதிநிதி குழுவில் வாக்குரிமை இழப்பார். நாங்கள் வெறும் அறிவிப்புதான் செய்தோம், முறையான நோட்டீஸ் கொடுக்கவில்லை, போவதும் அந்தத் தேதிக்குப் பிறகுதான் என்றார்கள் பத்துப் பேர். யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் அறிவித்தபோது இதே பிரிவைக் காட்டித்தானே அவர்களைக் குழுவிலிருந்து விலக்கி வைத்தீர்கள், அப்போது ஒரு அர்த்தம், இப்போது ஒரு அர்த்தமா என்று கேட்டார்கள் இருவர். நீதிபதி கேரி லிபி அந்தக் கூட்டத்துக்குத் தடை போட்டார். நவம்பர் 14ஆம் தேதி, வழக்கு முடியும் வரை குழுவின் கட்டுப்பாடு இந்த இருவரிடம்தான் என்று உத்தரவிட்டார். டிசம்பரில் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்ததும், போகிறவர்கள் ஆளுக்கு 65 லட்சம் டாலர் விட்டுக்கொடுத்துச் சமாதானம் ஆனார்கள்.

நான் படித்த இத்தனை வழக்குகளில் இதுதான் எனக்கு நிறைவு தந்தது. பண பலத்திலும் ஆள் பலத்திலும் குறைந்தவர்கள், எல்லாரும் ஒத்துக்கொண்டு எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று ஒரு சின்ன ஊர் கோர்ட் சொன்னது.

அப்புறம் அந்த இருவரும் சும்மா இருக்கவில்லை. 2024 பருவத்தில் ஆட எதிரணி வேண்டுமே என்று மவுண்டன் வெஸ்ட் என்ற பக்கத்துச் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். எங்கள் உறுப்பினர்களை இழுத்துக்கொண்டால் தலைக்கு இவ்வளவு என்று அந்தச் சங்கம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டது. முதல் ஆளுக்கு 1 கோடி டாலர், அடுத்தடுத்த ஆளுக்கு 5 லட்சம் கூடிக்கொண்டே போகும். 2024 செப்டம்பரில் பேக்-12 ஐந்து பேரை இழுத்துக்கொண்டது. 5.5 கோடி டாலர் பில் வந்தது. அந்தக் கட்டணம் போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று பேக்-12 கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டு இப்படிக் கேட்கலாமா என்றது மறுபக்கம். கோல்ஃபேக்ஸில் எழுதிய வரியைப் பிடித்து நின்றவர்கள், இங்கே தாங்கள் எழுதிய வரி செல்லாது என்றார்கள். அதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது.

இந்த வழக்குகளில் மாணவர்களின் பெயர் அரிதாகவே வரும். 2021 நவம்பரில் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம் வேறு சங்கத்துக்குப் போவதாக அறிவித்ததும், அதன் பழைய சங்கம் விதியைக் காட்டி அந்த ஆண்டுச் சங்கச் சாம்பியன் போட்டிகள் எதிலும் அந்தப் பல்கலைக்கழகத்தின் அணிகள் ஆடக்கூடாது என்று நிறுத்தியது. அதற்குச் சில மாதம் முன்புதான் அதன் பெண்கள் சாஃப்ட்பால் அணி தேசிய அளவில் அரையிறுதி வரை போயிருந்தது. அந்தப் பெண்கள் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டவர்கள் இல்லை.

2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம், முதல் ஆண்டில் சுமார் 2.05 கோடி டாலர் வரை, கொடுக்கலாம் என்று ஒரு பெரிய வழக்கின் சமாதானத்தில் வழி பிறந்திருக்கிறது. ஆட்டக்காரர்களுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டது அது, வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தத் தொகையை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும், அதனால் கூடுதல் பங்கு தரும் சங்கத்தின்மேல் ஆசை குறையப்போவதில்லை.

பிக் டென் சங்கத்தின் டி.வி. ஒப்பந்தம் 2030இல் முடிகிறது. பிக் 12 சங்கத்துடையது 2031இல். ஏ.சி.சி.யின் வெளியேறும் விலை அடிமட்டமான 7.5 கோடியைத் தொடுவதும் 2030-31இல்தான். அண்ணன் மகன் இப்போது படிப்பை முடித்துவிட்டான். போன வாரம் பேசும்போது, "அப்போ அடுத்த ரவுண்டு எப்போ சித்தப்பா?" என்றான். அந்த மூன்று தேதிகளைச் சொன்னேன்.